தானாக இறங்கிய பிரஸ்ஸும் எனக்கு வராத இங்கிலீஷும்

அந்த பிரஸ் முதல் தடவை தானாக இறங்கியபோது என் வலது கை அதற்குள் போகக் கிளம்பியிருந்தது. கையுறையின் விரல் நுனி மடங்கிக் கிடந்ததால் அதை இழுத்துவிட ஒரு நொடி நின்றேன். அந்த ஒரு நொடியில் இரும்பு இறங்கி ஏறிவிட்டது. நான் பட்டனைத் தொடவே இல்லை.

ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு அது மூன்றாவது வருஷம். அதற்கு முன்னால் உத்தனப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊரைச் சுற்றியுள்ள கொல்லைகளில் கூலி வேலை, பிறகு பிளாஸ்டிக் கூரை போட்ட பாலி ஹவுஸில் ரோஜா வெட்டும் வேலை. தொழிற்சாலையில் சேர்ந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. கம்பெனி பஸ் எங்கள் ஊர் மெயின் ரோட்டுக்கே வரும். சீருடை, கேன்டீன் சாப்பாடு, காலுக்கு ஷூ. வெயிலில் குனிந்தே கிடந்த எனக்கு நிழலில் நிமிர்ந்து நின்று செய்யும் வேலை என்பதே பெரிய விஷயமாக இருந்தது.

நான் நின்ற மெஷின் ஒரு பவர் பிரஸ். தகட்டை அச்சின் மேல் வைத்து, கையை வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் இருக்கும் பச்சைப் பட்டன்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். அப்போதுதான் மேலே நிற்கும் கனமான இரும்புப் பாகம் இறங்கித் தகட்டை வளைத்துவிட்டு மறுபடி மேலே போய் நிற்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது உள்ளே கை இருக்க முடியாதல்லவா, அதுதான் அதில் உள்ள பாதுகாப்பு. வளைந்த பீஸை இடுக்கியால் எடுக்க வேண்டும் என்பது சட்டம். இடுக்கியால் எடுத்தால் கணக்குக்கு உண்டான பீஸ் ஆகாது என்பது நடப்பு. அதனால் எல்லோரும் கையால்தான் எடுப்போம். சூப்பர்வைசர்கள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்கள்.

எங்கள் லைன் சூப்பர்வைசர் சேலத்துக்காரர். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது கேட்டதும் லீவு கொடுத்தவர். ஓடிப்போய் அவரிடம் சொன்னேன்.

"சார், மெஷினு தானா எறங்குச்சு சார். நான் பட்டனயே அமுக்கல."

"நீ பட்டன்ல இருந்து கைய எடுத்திருக்க மாட்டம்மா. அமுக்கிக்கிட்டே இருந்திருப்ப."

"இல்லீங்க சார். கையில க்ளவுஸ இழுத்துக்கினு இருந்தேன்."

மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டார். அவர் வந்து பத்துத் தடவை சும்மா ஓட்டிப் பார்த்தார். பத்துத் தடவையும் மெஷின் ஒழுங்காக இறங்கி ஒழுங்காக நின்றது. மெஷினில் தொங்கும் அட்டையில் ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "பாத்தியா? இடுக்கில எடு. பயம் போயிடும்" என்றார்.

பயம் போகவில்லை. அன்றிலிருந்து இடுக்கியால்தான் எடுத்தேன். பீஸ் குறைந்தது. வீட்டில் மாவு பிசையும்போது விரல்களைப் பார்த்துக்கொண்டே பிசைவேன். மகளுக்குத் தலை பின்னும்போது, மூன்று கால் பின்னலுக்கு எத்தனை விரல் வேண்டியிருக்கிறது என்று யோசனை ஓடும். ஒரு விரல் இல்லாமல் பின்ன முடியுமா, இரண்டு இல்லாமல் முடியுமா என்று மனசு தானாகக் கணக்குப் போடும். வேண்டாம் என்று நிறுத்தினாலும் நிற்காது.

நாலு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், அது இரண்டாம் தடவை இறங்கியது. இந்தத் தடவை இடுக்கி உள்ளே இருந்தது. டங்கென்று ஒரு சத்தம். கை மணிக்கட்டு வரைக்கும் அதிர்ந்தது. வெளியே இழுத்தபோது இடுக்கியின் இரண்டு வாயும் தட்டையாகி ஒட்டிக்கொண்டிருந்தன, சப்பாத்தி தட்டிய மாதிரி. அது என் விரல் இருந்திருக்கக்கூடிய இடம். பக்கத்திலிருந்த பீஸ் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சூப்பர்வைசர் வந்து இடுக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகமும் வெளுத்ததை நான் பார்த்தேன். ஆனால் அந்த வாரம் அனுப்ப வேண்டிய சரக்கு பாதிதான் முடிந்திருந்தது. அந்த மெஷினை நிறுத்தினால் லைனே நிற்கும். அவர் இடுக்கியைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு, "புது இடுக்கி தர்றேன். வெளிய சொல்லிக்கிட்டு இருக்காத. நான் பாத்துக்கறேன்" என்றார்.

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போனபின், தொட்டிக்குள் கையை விட்டு அந்த இடுக்கியை எடுத்தேன். துண்டில் சுற்றி என் லாக்கரில் வைத்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது. கம்பெனிப் பொருளை எடுத்து ஒளித்துவைத்தால் திருட்டுக் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் தனியாகச் சேர்ந்துகொண்டது.

இனி சொல்வதானால் பிளான்ட் மேனேஜரிடம்தான் சொல்ல வேண்டும். அவர் வடக்கேயிருந்து வந்தவர், வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தியும் இங்கிலீஷும் மட்டும்தான் பேசுவார். தினமும் காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு லைன் முழுக்க ஒரு சுற்று வருவார்.

எனக்குத் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேச வரும். தெலுங்கு பேசுகிற வீட்டுக் கொல்லைகளில் களை வெட்டியே தெலுங்கு வந்தது. பூ ஏற்ற வரும் பெங்களூர்க்காரர்களோடு மல்லுக்கட்டிக் கன்னடம் வந்தது. இந்த மூன்றிலும் யாரிடமும் நான் வாயடைத்து நின்றதில்லை. இங்கிலீஷ் என்றால் மட்டும் வாயே திறக்காது. போனில் ஒரு ஆப் போட்டு, பஸ்ஸில் போகவர ஏழெட்டு மாதமாகக் கற்றுக்கொண்டுதான் இருந்தேன். அது எனக்குக் காபி கேட்கக் கற்றுக்கொடுத்திருந்தது. ரயில் நிலையம் எங்கே இருக்கிறது, என் தம்பி டாக்டராக இருக்கிறான், இன்று வானிலை நன்றாக இருக்கிறது. என் கையை ஒரு மெஷின் நசுக்கப் பார்க்கிறது என்று எப்படிச் சொல்வதென்று அதில் எந்தப் பாடத்திலும் இல்லை.

இருந்தாலும் ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் பண்ணினேன். 'சார், ப்ராப்ளம் இன் மெஷின்.' பஸ்ஸில் உதட்டை அசைக்காமல் ராயக்கோட்டை ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன்.

அன்று காலை அவர் என் மெஷின் பக்கத்தில் நின்றார். அவர் சிரித்த முகத்தோடு கேட்டார்.

"எவ்ரிதிங் ஃபைன்? நோ ப்ராப்ளம்ஸ் ஹியர்?"

ப்ராப்ளம் என்ற வார்த்தை மட்டும் என் காதில் விழுந்தது. கடவுளே, அவரே கேட்டுவிட்டார் என்று இருந்தது. தயார் பண்ணிய வாக்கியம் பறந்துபோனது. தலையைப் பலமாக ஆட்டி, "எஸ் சார்! எஸ் சார்!" என்றேன்.

"குட், குட்" என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அவர் அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார்.

அவர் முதுகைப் பார்த்தபடி நின்றேன். ஆமாம், ப்ராப்ளம் இருக்கிறது என்று நான் சொன்னேன். ஆமாம், ப்ராப்ளம் ஒன்றும் இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். அது புரிய எனக்கு இரண்டு மூன்று பீஸ் ஓட்டும் நேரம் ஆனது. புரிந்தபோது அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கவும் கை பட்டனை விட்டு வர மறுத்தது. பட்டனில் இருக்கும்வரை கை பத்திரம்.

நான் பேசியதைச் சூப்பர்வைசர் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். மதியம் வந்து, "அவருகிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலீங்க சார்."

"நாளைலருந்து நீ பீஸ் பாக்குற டேபிளுக்குப் போயிடு. உனக்குப் பயமா இருக்குதில்ல? நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மறுநாள் என்னை மேஜையில் உட்காரவைத்து, பிசிறு இருக்கும் பீஸ்களைப் பொறுக்கச் சொன்னார்கள். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று நான் நிம்மதியாக இருந்தேன். பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். வீட்டுக்குப் போய் மகளிடம் சிரித்துப் பேசினேன். என் கை தப்பித்தது என்பதைத் தவிர வேறு எதுவும் என் புத்தியில் இல்லை.

அதற்கு அடுத்த நாள்தான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். என் பிரஸ்ஸில் ஒரிசாவிலிருந்து வந்த ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். ஒல்லிக் கை, கையில் சிவப்பு வளையல். வேகமான ஆள். இடுக்கி மெஷின் மேல் சும்மா கிடந்தது. அவள் கை உள்ளே போவதும் வருவதும், போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவை போகும்போதும் அது வெளியே வரும்வரை பீஸை விட்டுவிட்டு அதையே பார்த்தேன்.

டீ நேரத்தில் அவளிடம் போனேன். அவளுக்குத் தமிழ் வராது. எனக்கு இந்தி வராது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அந்தப் பாழாய்ப்போன இங்கிலீஷ்தான், அதுவும் ஆளுக்குப் பத்து வார்த்தை.

"மெஷின்..." என்றேன். "ப்ராப்ளம். ஹேண்ட்... நோ. ஹேண்ட் கேர்ஃபுல்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு புரிந்துகொண்ட மாதிரி சிரித்து, "ஹாங், தீதி!" என்று, சரி அக்கா என்கிற மாதிரி, பையிலிருந்து புதுக் கையுறையை எடுத்து மாட்டி, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கையுறை போடச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். பத்து விரலும் வெள்ளையாக, என் முகத்துக்கு நேராக விரிந்து நின்றன.

நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன். மணி அடித்துவிட்டது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் பீஸ்களின் தரம் பார்க்கும் குவாலிட்டி செக்ஷனில் வேலை செய்யும் என் சிநேகிதியைத் தேடிப் போனேன். அவள் திருநெல்வேலிப் பக்கம், டிப்ளமோ படித்தவள். தினமும் இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதுபவள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். கேன்டீனில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கம். எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றில் வைத்த கையை அவள் எடுக்கவே இல்லை.

"நீயே வந்து சொல்லும்மா. உனக்கு இங்கிலீசு நல்லா வருதில்ல" என்றேன்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. என் டிரெய்னிங் அடுத்த மாசம் முடியுது. பெர்மனென்ட் ஆக்குவாங்களா மாட்டாங்களான்னு தெரியல. உங்க சூப்பர்வைசர் சார்தான் எனக்கு ரிமார்க் எழுதணும். நான் வந்து நின்னா அவருக்குத் தெரிஞ்சுபோகும்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் பயம் எனக்குத் தெரிந்த பயம்தான்.

"அப்ப எனக்குச் சொல்லித் தா. நானே சொல்லிக்கிறேன்."

அவள் ரிப்போர்ட் நோட்டின் கடைசித் தாளைக் கிழித்தாள். முதலில் நான் என் போனில் 'மெஷின் தானாக இறங்குகிறது' என்று பேசி, அது இங்கிலீஷில் என்ன தருகிறது என்று காட்டினேன். பார்த்துவிட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, மெஷின் பஸ்ஸ விட்டு எறங்குதுங்கற மாதிரில்லா வருது!"

சிரித்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். இதை வைத்துக்கொண்டு நான் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

மூன்றே வாக்கியம் எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொன்றும் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வரி, கீழேயே தமிழ் எழுத்தில் ஒரு வரி. 'சார், த பிரஸ் கம்ஸ் டவுன் அகெய்ன் வித்தவுட் ப்ரெஸ்ஸிங் த பட்டன். இட் ஹேப்பண்ட் ட்வைஸ். ப்ளீஸ் ஸ்டாப் த மெஷின்.'

"ட்வைஸ்னா என்னா?"

"ரெண்டு தடவைன்னு அர்த்தம்க்கா."

"டூ டைம்ஸ்னு வச்சுக்கிறேன். அது எனக்கு மறக்காது."

"வச்சுக்கோங்க. தப்பில்ல. ஆனா கடைசி வாக்கியத்த மட்டும் விட்டுராதீங்க. சும்மா சொல்லிட்டு வந்தா எழுதி வச்சுக்கிடுவாங்க. நிறுத்துங்கன்னு கேக்கணும்."

அந்தத் தாளை அன்று பஸ்ஸில் பிரித்துப் பிரித்துப் படித்தேன். மடிப்பு கிழிய ஆரம்பித்துவிட்டது. வீட்டில் அடுப்புக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். மகள் ஐந்தாவது படிக்கிறாள். "அம்மா, வித்தவுட்டுன்னா இல்லாமன்னு அர்த்தம், நீ வித்தவுட்டயே இல்லாம சொல்ற" என்றாள். பத்து வருஷமாக வேறு கம்பெனியில் வெல்டிங் பார்க்கும் என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன்ன அங்கிருந்து மாத்திட்டாங்க இல்ல, இன்னும் என்னாத்துக்கு நீ போயி வாய குடுக்கற?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். அந்த நியாயத்தை நானும் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன்.

மறுநாள் காலை அந்தப் பெண் மறுபடி அதே மெஷினில். நேற்றைவிட வேகம் கூடியிருந்தது. நான் மேஜையில் பீஸ் பொறுக்கிக்கொண்டிருந்தேன், ஆனால் ஒரு பீஸையும் பார்க்கவில்லை. மேனேஜர் வழக்கமாக வரும் நேரத்தில் வரவில்லை. ஆபீஸில் ஏதோ மீட்டிங் என்றார்கள். மெஷின் காலையிலிருந்து ஓடி ஓடிச் சூடாகிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை இறங்கியதும் இதே மாதிரி சாப்பாட்டுக்கு முன்னால்தான் என்பது ஞாபகம் வந்தது. எழுந்துவிட்டேன்.

பாத்ரூம் போகிறேன் என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னேன். லாக்கரைத் திறந்து துண்டோடு இடுக்கியை எடுத்தேன். ஆபீஸ் கட்டிடத்துக்கு ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. மூன்று வருஷத்தில் அதைத் தாண்டி நான் உள்ளே போனதில்லை. அதைத் தள்ளவா, இழுக்கவா என்று தெரியவில்லை. கதவில் அது இங்கிலீஷில் எழுதியிருந்தது. எனக்கு 'புல்' என்றும் 'புஷ்' என்றும் இரண்டும் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. கதவு ஆடியது. உள்ளேயிருந்து ஒருவர் திறந்துவிட்டார்.

மேனேஜர் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏசி குளிரில் என் வியர்வை சில்லென்று ஆனது.

"எஸ்?" என்றார் மேனேஜர்.

"சார்," என்றேன். "த பிரஸ்..."

அதற்கு மேல் எதுவும் வரவில்லை. தாளை எடுக்கப் பாக்கெட்டில் கையை விட்டேன். தாள் அதில் இல்லை. மேஜையில் என் தண்ணீர் பாட்டிலுக்குக் கீழே இருந்தது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் கண் முன்னால் அந்தச் சிவப்பு வளையல் கை உள்ளே போய் வந்துகொண்டிருந்தது.

துண்டைப் பிரித்து, தட்டையாகிப்போன இடுக்கியை அவர் மேஜைமேல் வைத்தேன். என் இடது கையை அதன் பக்கத்தில் விரித்து வைத்தேன். வலது கையை முஷ்டி பிடித்து அதன் மேல் ஒரு தடவை இறக்கினேன். "பட்டன்" என்றேன். மேலே தூக்கினேன். மறுபடி இறக்கினேன். "நோ பட்டன்!" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக, சத்தமாகக் கேட்டது. "டூ டைம்ஸ் சார். நவ் ஒன் கேர்ள். ஹேண்ட் இன்சைட். ப்ளீஸ் ஸ்டாப்."

அவர் இடுக்கியைக் கையில் எடுத்தார். ஒட்டிப்போன வாயை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "விச் மெஷின்? ஷோ மீ" என்றார். 'ஷோ மீ' எனக்குத் தெரியும். பாடத்தில் இருந்தது.

நடையாக ஆரம்பித்து லைனுக்கு வருவதற்குள் ஓட்டமாகிவிட்டது. அவரே சிவப்புப் பட்டனை அடித்து மெஷினை நிறுத்தினார். ஒரிசாப் பெண் தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்துக் கையை மார்போடு வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. மெஷினைச் சும்மா ஓட்டிப் பார்த்தார்கள். பத்து, இருபது, முப்பது. ஒரு தடவைகூட அது தப்பாக இறங்கவில்லை. எறங்கு, எறங்கு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். என் கையைத் தேடி வந்த அந்த இரும்பு, அத்தனை பேர் பார்க்கும்போது ரொம்ப அடக்கமாகப் போய் நின்றது. சூப்பர்வைசர் மேனேஜரிடம் இங்கிலீஷில் மளமளவென்று ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது 'ஓகே', 'செக்ட்', 'டார்கெட்', அப்புறம் 'டிசிப்ளின்'. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், என் முன்னால்தான் பேசுகிறார்கள், ஆனால் எனக்கு வழியில்லாத ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம் பேசுகிறார்கள். வேலை போனால் மறுபடி களை வெட்டப் போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். "ஆர் யூ ஷ்யூர்?"

இந்தத் தடவை அவசரப்பட்டுத் தலையாட்டவில்லை. வார்த்தை ஒவ்வொன்றும் எனக்குள் வந்து சேரும்வரை நின்றேன். "ஷ்யூர் சார். மார்னிங் குட். ஆஃப்டர் ஹாட், நாட் குட்." சூடானால்தான் இப்படிச் செய்கிறது என்று சொல்ல நினைத்தேன். சரியாகச் சொன்னேனா என்று தெரியாது. அவர் மெஷின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு பூட்டு கொண்டுவரச் சொல்லி மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

மெஷின் செய்த கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் லைனில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. மெஷின் நின்றதால் எல்லோருக்கும் வேலை மாறியிருந்தது. எல்லாம் சும்மா என்று இன்ஜினியர் சொல்லிவிட்டால் என் கதி என்ன என்று யோசித்தே சோறு இறங்கவில்லை. இன்ஜினியர் வந்து பாதி மெஷினைப் பிரித்தார். பிரேக் தேய்ந்து போயிருக்கிறது, காற்றை விடும் வால்வு ஒன்று சூடேறினால் சிக்கிக்கொள்கிறது, அதனால் சில நேரம் இரும்பு மேலே நிற்காமல் மறுபடி இறங்கிவிடுகிறது என்று எழுதிக் கொடுத்தார். இதை என் சிநேகிதிதான் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு ஓடிவந்து சொன்னாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. "நான் வந்திருக்கணும்க்கா" என்றாள்.

"எழுதிக் குடுத்தது நீதானம்மா" என்றேன்.

சூப்பர்வைசருக்கு மெமோ கொடுத்ததாகப் பேசிக்கொண்டார்கள். அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார். "எங்கிட்டயே இன்னொரு தடவ சொல்லியிருக்கலாமேம்மா." இரண்டு தடவை சொன்னது அவருக்கும் தெரியும்.

என் தூக்கத்தைக் கெடுத்தது அவர் இல்லை. இன்ஜினியர் வந்துபோன மறுநாள், இந்தி தெரிந்த ஒருவர் ஒரிசாப் பெண்ணிடம் நடந்ததை எல்லாம் விளக்கிச் சொல்லியிருக்கிறார். கேன்டீனில் அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகம் அப்படி இல்லை. என்னை மாதிரியே வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தாள்.

"தீதி. டூ டேஸ்... யூ நோ. மீ நாட் நோ."

இரண்டு நாள் உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதற்கு அவளுக்கு வேறு வார்த்தை தேவைப்படவில்லை. நான் சொல்ல வந்தேன், நீ கையுறை என்று நினைத்துக்கொண்டாய் என்று சொல்லியிருக்கலாம். அது பாதி நிஜம். மீதிப் பாதி, அந்த முதல் நாள், நான் தலையைத் தூக்கிப் பார்க்காமல் வயிறாரச் சாப்பிட்ட நாள். அதைச் சொல்ல எனக்குத் தமிழிலும் வாய் வந்திருக்காது. "சாரி" என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பிற்பாடு பேசிக்கொண்டோம், ஒருநாள் அவள் எனக்கு அவள் ஊர் ஊறுகாய்கூடக் கொடுத்தாள். ஆனால் அந்த வாக்கியம் என்னிடமே இருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஒரு பேச்சு லைனில் பரவிவிட்டது. மேனேஜர் ரூமுக்குள்ளேயே போய்ப் பேசியவள் ஆயிற்றே. ஆளாளுக்குச் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். போச்சம்பள்ளிப் பக்கமிருந்து வரும் ஒரு அக்காவுக்குப் பஸ் நிறுத்தத்தை மாற்றக் கேட்கணும். இன்னொருத்திக்கு ஷூ கடித்துப் புண்ணாகிவிட்டது. எல்லாம் கம்பெனி ஆப்பில், இங்கிலீஷில்தான் போடணும். நானே திக்கித் திணறுகிறவள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். சிநேகிதியும் நானும் சேர்ந்து எழுதிக் கொடுப்போம். அவள் பெர்மனென்ட் ஆகி, இப்போது பெங்களூர்ப் பக்கம் வேறு பிளான்ட்டுக்குப் போய்விட்டாள். இப்போது நான் மட்டும்தான்.

பயம் குறைந்ததா என்று கேட்டால் குறையவில்லை. அப்போது என் விரலுக்குப் பயந்தேன். இப்போது அடுத்தவர்கள் கஷ்டம் என் வாயில் உடைந்துபோய் வேறு எதுவோ ஆகிவிடுமோ என்று பயப்படுகிறேன். நான் 'எஸ்' என்று சொல்லி அவர்கள் 'குட்' என்று போய்விட்டால் என்ன செய்வது? அதனால் எழுதியதை மூன்று தடவை திருப்பிப் படிப்பேன். கேட்க வந்தவளிடமே தமிழில் திருப்பிச் சொல்லி, "இதத்தான சொன்ன?" என்று கேட்டுக்கொள்வேன்.

போன வாரம், பேக்கிங்கில் இருக்கும் ஒரு பெண் கேன்டீன் மூலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, எனக்குக் கர்ப்பப்பைய எடுக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. ரெண்டு மாசம் லீவு வேணும். வேல போயிடாம எழுதிக் குடு அக்கா" என்றாள். சுற்றிலும் ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கர்ப்பப்பைக்கு இங்கிலீஷில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தப்பான வார்த்தை போட்டுவிட்டால் அவள் வேலையே போய்விடும். "டாக்டரு சீட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டேன். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். அதை மடியில் வைத்து விரித்து, அந்தக் கிறுக்கல் எழுத்தில் அந்த வார்த்தையைத் தேடி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, அப்படியே போனில் தட்ட ஆரம்பித்தேன்.